வன்னிக்கு வேலைக்கு வருகிறீர்களா? கண்ணில் படும் வழக்கமும் படாத வழக்கமும்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ முதல் நியமனம் கிடைத்த ஆசிரியர், தாதி, குடும்பநல உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், நிறுவனமொன்றின் திட்டத்துக்கு வருகிறவர், வெளிநாட்டிலிருந்து வந்து கொஞ்சக் காலம் ஊரில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர், இவர்களுக்காக இது எழுதப்படுகிறது. நீங்களும் தமிழர், இங்கே பேசுவதும் தமிழ். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மொழி ஒன்றென்றால் வழக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து இறங்குகிறோம்.

பயிற்சி வகுப்புகளில் பண்பாட்டைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையாகக் கீறிக் காட்டுவார்கள். மேலே தெரிவது உணவு, உடை, கோயில், திருவிழா. நீருக்குக் கீழே கிடப்பது மரியாதை, வெட்கம், நேரக் கணக்கு, யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற வரம்பு. மேலே தெரிவதைப் பழக ஒரு கிழமை போதும். கீழே கிடப்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஏனென்றால் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய விசயமாகவே தெரியாது. நீங்கள் பிழை விட்டாலும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி தந்து சிரித்து அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வராமல் விடுவார்கள். "சனம் ஒத்துழைக்குதில்லை" என்று அறிக்கை எழுதுகிற கனபேர் இப்படி எங்கோ தடக்குப்பட்டவர்கள்.

1. வெளிக்கிட முன்: கடதாசிகள்

நியமனக் கடிதம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றில் ஐந்து ஐந்து பிரதி எடுத்து வாருங்கள். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு நகரங்களில் போட்டோக் கொப்பிக் கடை உண்டு. உட்கிராமத்தில் ஒரு பிரதிக்காக அரை நாள் போகும்.

சொந்த ஊர்க் கிராம அலுவலரிடம் வதிவிடமும் நற்சான்றும் அடங்கிய சான்றிதழை எடுத்துப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஆறு மாதம் செல்லும். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அந்தப் பிரிவின் கிராம அலுவலர்தான் தயக்கமில்லாமல் தருவார். பிள்ளைகளோடு வந்து நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள் என்றால், அடுத்த வாக்காளர் கணக்கெடுப்பிலேயே பெயரை இங்கே மாற்றுங்கள். பாடசாலை அனுமதிக்கு அந்த இடாப்பைப் பார்ப்பார்கள். தனியாக வந்து இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றம் எடுக்கிற எண்ணமென்றால் பெயரை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

2. முதற் கிழமை: யாரை முதலில் பார்ப்பது

கிராம அலுவலரை ஊரில் பெரியவர்கள் இன்னும் விதானையார் என்றே சொல்வார்கள். அவரை முதலில் பாருங்கள். முதல் முறை போகும்போது ஒரு கையெழுத்தும் கேட்காதீர்கள். "இன்ன வேலைக்கு வந்திருக்கிறன், இன்ன வீட்டில இருக்கிறன்" என்று சொல்லி, தொலைபேசி இலக்கம் கொடுத்துவிட்டு வந்தால் போதும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் வாசலில் எழுதியிருக்கும். மற்ற நாட்களில் களத்தில் நிற்பார்.

அதற்குப் பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கமக்காரர் அமைப்பு, கோயில் பரிபாலன சபைத் தலைவர் அல்லது பங்குத்தந்தை. கரையோரக் கிராமமென்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தவறவிடக் கூடாது. இவர்களெல்லாம் உங்கள் மேலதிகாரிகளில்லை, அனுமதி தரவேண்டியவர்களும் இல்லை. என்றாலும் ஒருவரைப் பார்த்து மற்றவரைப் பார்க்காமல் விட்டால், நீங்கள் இன்னாருடைய ஆள் என்று பெயர் விழுந்துவிடும். ஊருக்குள் இரண்டு பக்கம் இருப்பது வந்த புதிதில் தெரியாது. அதனால் இந்தச் சுற்றை இரண்டு, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

3. வீடு எடுத்தல்

வன்னிக் காணிகளில் பெரும்பகுதி உறுதிக் காணியில்லை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, ஊர்ப் பேச்சில் பெர்மிட் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் இதை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வீடு வாடகைக்கு எடுப்பவர் பார்க்க வேண்டியவை:

- அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார். கனடாவில் இருப்பவரின் வீட்டைச் சித்தப்பா வாடகைக்கு விடுவார், அடுத்த மாதம் மாமி வந்து தனக்குத்தான் பொறுப்பு என்பார். உரிமையாளரோடு ஒரு தரம் வட்ஸ்அப்பில் நேரே பேசி, மாத வாடகை, முற்பணம், யார் கையில் கொடுப்பது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.
- மின் கட்டணத்தில் பழைய நிலுவை. கடைசிப் பில்லைக் கேட்டுப் பாருங்கள்.
- குடிதண்ணீர். கிணறு தெளிவாக இருந்தால் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோயாளர் உள்ள கிராமங்கள் உண்டு. அயலார் குளிக்க ஒரு கிணறும் குடிக்க வேறு இடமும் வைத்திருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.
- வளவுக்குப் பின்னால் காடு என்றால் யானைப் பாதை இருக்கிறதா என்று அயலாரிடம் கேளுங்கள். மிதிவெடிப் பலகை போட்ட இடத்துக்குள் விறகுக்கும் போகாதீர்கள். துப்புரவு செய்யாத பகுதிகள் இன்னும் இருக்கின்றன.

காணியை வாங்குவதாக யாராவது ஆசை காட்டினால், பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பெர்மிட் காணியை வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

வாடகை வீடென்றாலும் சாமான் இறக்க முன் பால் காய்ச்சுங்கள். பால் ஒரு லீற்றர், பச்சையரிசி ஒரு கிலோ, பயறு கால் கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, ஒரு சீப்பு வாழைப்பழம். இவ்வளவுதான் செலவு. நேரம் குறிக்க முன் இராகு காலத்தைப் பாருங்கள். ஆடி, மார்கழி மாதங்களில் புது வீடு புகுவதில்லை. அந்த மாதத்தில்தான் வேலை தொடங்குகிறது என்றால் அதற்கு முந்திய மாத இறுதியிலேயே பால் காய்ச்சிவிட்டுச் சாவியோடு போய்விடுங்கள். இரண்டு பக்க அயலையும் கூப்பிட்டுப் பொங்கலை அவர்கள் கையில் கொடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாதிருக்கலாம். அயலாருக்கு இது நீங்கள் இருக்க வந்தவர் என்பதற்கு அடையாளம். இரவு பாம்பு வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஓடி வரப்போவது அவர்கள்தான்.

பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கோப்பையில் கறி வரும். கோப்பையை உடனே கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் வைத்திருந்து ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். நாலு பழமும் காணும்.

4. ஒரு வீட்டுக்குப் போவது

வன்னிக் கிராமத்தில் வேலை என்றால் வீடு வீடாகப் போவதுதான், அதனால் இந்தப் படியைக் கவனமாக வாசியுங்கள்.

படலை திறந்திருந்தாலும் உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று "வீட்டுக்காரர்!" என்றோ, பெயர் தெரிந்தால் அக்கா, அண்ணை சேர்த்தோ கூப்பிடுங்கள். இரண்டு தரம் கூப்பிட்டு மறுமொழி இல்லையென்றால் பிறகு வாருங்கள். ஆள் உள்ளே இருப்பது தெரிந்தாலும் அப்படித்தான். குளிக்கிறவராக இருக்கலாம், கடன்காரருக்கு மறைந்து நிற்பவராகவும் இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் தோள்பையோடு வரும் புது முகத்தைக் கிழமைக் கடன் அறவிட வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதனால் கூப்பிடும்போதே எங்கிருந்து வருகிறீர்கள் என்று உரத்துச் சொல்லுங்கள்.

கணவர் இல்லாத வீடுகள் இங்கே ஏராளம். ஆண் உத்தியோகத்தர் அப்படியான வீட்டுக்குத் தனியே போகக்கூடாது. மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முற்றத்தில் அல்லது திண்ணையில் இருந்து கதையுங்கள், படலையைச் சாத்தாதீர்கள், பொழுதுபட முன் வெளிக்கிடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, மாற்றம் கேட்டுப் போய்விடுவீர்கள். பேச்சுக் கேட்டு அங்கே இருக்கப்போவது அந்தப் பெண்.

கதிரை தந்தால் இருங்கள். வீட்டில் ஒரே ஒரு கதிரைதான் இருக்கும், பெரியவர் நிலத்தில் இருப்பார், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அவரை எழுப்பிக் கதிரையில் இருத்தி நீங்கள் நிற்காதீர்கள். அது அவர் தரும் மரியாதையை மறுப்பதாகும். வேண்டுமானால் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு "எனக்கு இதுதான் சுகம்" என்று நீங்களும் பாயில் இறங்கி இருந்துவிடலாம். அது நன்றாகவே எடுபடும்.

தேத்தண்ணி. புதிதாக வந்தவர்கள் அதிகம் தடக்குப்படுவது இதில்தான். வறிய வீட்டுக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் "வேண்டாம்" என்பீர்கள். இந்த மண்ணில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுப்பது நெடுங்காலம் சாதியின் அடையாளமாக இருந்தது. கேட்பவரின் மனதில் முதலில் எழுவது அதுதான். அவர் அதை வாயால் சொல்லமாட்டார். ஆகவே எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்றைக் குடியுங்கள். சீனி வருத்தம் இருந்தால், அடுப்பு மூட்ட முன்னமே "எனக்குச் சீனி இல்லாமல் வெறும் தேத்தண்ணி தாங்கோ" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கினால் அவர்களுக்குச் சந்தோசம். ஒரு நாளில் பத்து வீடு என்றால் ஒவ்வொரு வீட்டிலும் பாதிக் கோப்பை, அல்லது செம்பில் தண்ணீர். கிணற்றுத் தண்ணீருக்குப் பயமென்றால் சுடுதண்ணி கேளுங்கள். உங்கள் பையில் இருக்கும் போத்தலை மட்டும் அந்த முற்றத்தில் வைத்துத் திறக்காதீர்கள்.

5. "தம்பி எந்த இடம்?"

முதல் மூன்று கேள்விக்குள் இது வரும். ஊரின் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆற்றை பிள்ளை என்று போகும். பாதி உறவு தேடல், பாதி சாதி தேடல். எரிச்சல் காட்டாதீர்கள். ஊர், பெற்றோரின் தொழில், படித்த பாடசாலை என்று மூன்றையும் நீங்களே தாராளமாகச் சொல்லிவிட்டு, "உங்கட பிள்ளையள் எங்கை படிக்கினம்?" என்று திருப்பிவிடுங்கள். பெரும்பாலும் அத்தோடு நிற்கும்.

இதே கேள்வியை நீங்கள் அவர்களிடம் கேட்பது வேறு விசயம். வன்னியில் ஒரே ஒழுங்கையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழைய வன்னிக் குடும்பம், குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள், 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து பின் திரும்பியவர்கள், 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த முஸ்லிம்கள் எல்லோரும் இருப்பார்கள். "சொந்த இடம் எது?" என்று கேட்டால் சிலருக்கு அது "நீ இங்கத்தை ஆளில்லை" என்று கேட்கும். படிவத்தில் அவசியமென்றால் "இப்ப இருக்கிற விலாசம், அதுக்கு முதல் இருந்த விலாசம்" என்று கேளுங்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்கச் சிலர் "தோட்டக்காட்டார்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது இழிசொல். கேட்டுப் பழகி நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

யாரை எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால்: உங்களை விடக் கொஞ்சம் மூத்தவர் அண்ணை, அக்கா. பெற்றோர் வயதினர் ஐயா, அம்மா. வயோதிபர் அப்பு, ஆச்சி. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் முதற் சந்திப்பில் நீங்கள் என்றே பேசுங்கள், பழகிய பிறகு நீ வரலாம். பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பது பெயர்ப் பட்டியல் வாசிக்கும்போது மட்டும்.

6. ஓம், பார்ப்பம், வாறன்

"ஓம்" என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. சம்மதித்தார் என்று குறிப்பெழுதாதீர்கள். "பார்ப்பம்", "அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்", "நாளைக்கு ஒருக்கா வாங்கோவன்" என்ற மூன்றும் பெரும்பாலும் இல்லை என்பதன் மரியாதையான வடிவம். அதைக் கிழித்துப் பார்த்து "ஓமா, இல்லையா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும், செயல் வராது. உண்மையான ஓமுக்கு அடையாளம் உண்டு: நாள், நேரம், ஆள் பெயர் அவர் வாயிலிருந்தே வரும். "வெள்ளி பின்னேரம் மூத்தவனை அனுப்பி விடுறன்" என்றால் அது நடக்கும்.

வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லாதீர்கள், "போட்டு வாறன்" என்று சொல்லுங்கள். இதற்கு ஒரே விலக்கு செத்த வீடு, அதைக் கீழே சொல்கிறோம்.

கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்தவுடன் பெண்களின் கருத்தைக் கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். கூட்டம் முடிந்து செருப்பைப் போடுகிற நேரத்தில் அதே பெண்கள் சரியான விசயத்தைச் சொல்வார்கள். எனவே கூட்டம் முடிந்ததும் வாகனத்தில் ஏறாமல் கால் மணித்தியாலம் நில்லுங்கள்.

7. நாள் குறித்தல்

சுவர்க் கலண்டரில் நேரம் தெரியும், ஊரின் நேரம் அதில் பாதிதான். கூட்டம், பயிற்சி, காசு சேர்ப்பு எதுவென்றாலும் இவற்றோடு ஒத்துப் பாருங்கள்.

வயல்: காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசி மழையோடு தொடங்கும். வெட்டு தை, மாசியில். சிறுபோகம் சித்திரையை ஒட்டித் தொடங்கி ஆவணியளவில் முடியும், அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் எவ்வளவு ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, விதைப்பின் கடைசி நாள் எது என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். அந்தத் திகதிகளைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு எழுதி மேசையில் ஒட்டுங்கள். விதைப்பு, வெட்டுக் கிழமைகளில் கூட்டம் வைத்தால் கிழவர்களும் பிள்ளைகளும்தான் வருவார்கள். காசு தேவைப்படும் எதையும் வெட்டு முடிந்து நெல் விற்ற பிறகு வையுங்கள். பாடசாலைச் சுற்றுலாக் காசை மார்கழியில் கேட்டால், தர முடியாத பிள்ளை காரணம் சொல்லாமல் பாடசாலைக்கு வராமல் நிற்கும்.

நாளும் நேரமும்: மத்தியான வெயிலில் வேண்டாம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு நல்லது, யானைப் பயம் உள்ள ஊரில் ஆறு மணிக்குள் முடியுங்கள். திறப்பு விழா, அடிக்கல் போன்றவற்றை இராகு காலத்தில் வைக்காதீர்கள். வெள்ளி 10.30 முதல் 12 வரை, செவ்வாய் 3 முதல் 4.30 வரை, திங்கள் 7.30 முதல் 9 வரை. வெள்ளி 11 மணிக்கு என்று அழைப்பிதழ் அடித்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். விளக்கு ஏற்ற வேண்டியவர் 12 தாண்டித்தான் வருவார்.

சாப்பாடு: செவ்வாய், வெள்ளியில் மச்சச் சாப்பாடு ஒழுங்கு செய்தால் பாதிப் பொதி மிஞ்சும். கந்தசஷ்டி ஆறு நாள், தீபாவளியை ஒட்டி முடியும் கேதாரகௌரி விரதம் 21 நாள், ஆடி அமாவாசை, சித்திரா பௌர்ணமி இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கக் கிராமமென்றால் தவக்காலம். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்கள், அந்தக் கிழமை வேலைக்கு ஆள் தேடாதீர்கள்.

நினைவு நாட்கள்: மே 12 முதல் 18 வரை, 2009 போரின் முடிவில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுக் கிழமை. சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தந்தால் வாங்கிக் குடியுங்கள். அந்தக் கிழமையில் பிறந்தநாள், பாட்டு, விளையாட்டுப் போட்டி, பிரியாவிடை எதுவும் வைக்காதீர்கள். நவம்பர் 27, போரில் இறந்த புலிகளை நினைக்கும் மாவீரர் நாள், மாலை 6.05 க்கு விளக்கேற்றும் வீடுகள் உண்டு. அன்று பின்னேரம் வீடு வீடாகப் போகும் வேலையை வைக்க வேண்டாம். எவருடைய முகத்தையும் படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள். உங்களுக்கு அது பகிர்வு, அவருக்கு அது விசாரணையாக முடியலாம்.

இவற்றை விட வீட்டுக்கு வீடு ஒரு நாள் இருக்கும். 2009 தை முதல் வைகாசி வரை இறுதிப் போரில் இறந்தவர்களின் திதி இந்த மாதங்களில் அடுக்கடுக்காக வரும். ஒரு மாணவி மாசியில் இரண்டு நாள் வராவிட்டால் காரணத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்காதீர்கள்.

8. படிவத்தோடு போகும்போது

பொட்டும் தாலியும் கண்ணில் படும். அதன் பொருள் கண்ணில் படாது. கணவர் காணாமலாக்கப்பட்ட பெண் பொட்டு வைத்திருப்பார், அவர் வருவார் என்று இருப்பார், அவருக்காகத் திவசம் செய்யமாட்டார். அவரிடம் "விதவையா?" என்று கேட்பதும், படிவத்தில் "இறந்தவர்" என்று நீங்களே எழுதுவதும் பெரிய காயம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய உறவினர் போராட்டம் பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு மறுமொழி கேட்டுத்தான். மறுமொழி வராத கேள்வியைப் படிவம் வந்து மூடிவிடக் கூடாது.

செய்யக்கூடியது இது. "கணவர் பெயர், தொழில்" என்ற வரியை விட்டுவிட்டு "பிள்ளைக்குப் பொறுப்பு ஆர்?" என்று கேளுங்கள். அவரே சொன்னால் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ஏதாவது உதவிக்கு மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டால், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி உண்டு என்பதைச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி வற்புறுத்தாதீர்கள். தடுப்பிலிருந்து, புனர்வாழ்விலிருந்து வந்தவர்களிடம் இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தீர்களா என்று கேட்க எந்தப் படிவத்துக்கும் உரிமையில்லை. காலிலோ கையிலோ காயம் கண்டால் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு "எனது குடும்பம்" என்று கட்டுரை கொடுக்கும் புது ஆசிரியர்கள், தலைப்பை "எனது வீடு" என்று மாற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெயர் எழுதுவது. 2009 இலிருந்து இந்தச் சனத்தின் பெயரை எழுதாத நிறுவனம் இல்லை. உங்களுக்குப் பெயர் எழுதுவது கணக்கெடுப்பு. அவர்களுக்கு வீடோ, மாடோ, தண்ணீர்ப் பம்போ வரப்போகிறது என்ற வாக்கு. எனவே கொப்பியைத் திறக்க முன் மூன்றைச் சொல்லுங்கள்: எதற்காக எழுதுகிறோம், இதனால் என்ன கிடைக்காது, முடிவை எப்போது வந்து சொல்வோம். பிறகு சொன்ன நாளில் போய்ச் சொல்லுங்கள், "ஒன்றும் சரிவரவில்லை" என்ற செய்தியாக இருந்தாலும் போங்கள். அதைச் சொல்ல வருகிறவர் மிகக் குறைவு, அதனாலேயே அடுத்த முறை உங்களுக்குக் கதவு திறக்கும்.

9. செத்த வீடு, கலியாண வீடு, துடக்கு

கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவது. சாவுக்குச் சொல்லாமலே போவது. அயலில் சாவு என்றால் அன்றைக்கே போங்கள், மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பது காணாது. வெள்ளை அல்லது மங்கல் உடை. உடல் எடுக்கும் வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது, தேத்தண்ணியும் சாப்பாடும் அயலிலிருந்து போகும். நீங்கள் செய்யக்கூடிய உதவி அங்கேதான் இருக்கிறது: இரண்டு கிலோ சீனி, 400 கிராம் தேயிலை, நாலு பெட்டி பிஸ்கற். வீட்டுக்காரரிடம் கொடுக்காதீர்கள், தேத்தண்ணி ஊத்தி நிற்கும் அயல் பெண்களிடம் கொடுங்கள். ஆறுதல் வார்த்தை தேடித் திணற வேண்டாம், கையைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாலே போதும். வெளிக்கிடும்போது "வாறன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே எழும்பி வந்து, வீட்டுக்குள் போக முன் குளியுங்கள். சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, கத்தோலிக்கக் குடும்பங்களில் போவார்கள்.

எட்டாம் நாள் செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி. பின்னதற்குச் சொல்லி அனுப்புவார்கள், சாப்பிடாமல் வராதீர்கள். ஊரில் மரண உதவிச் சங்கம் இருந்தால் வந்த முதல் மாதமே சந்தா கட்டிச் சேருங்கள். சிறிய தொகைதான், பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

துடக்கு, அதாவது தீட்டு, சாவுக்கும் பிறப்புக்கும் உண்டு, சாவுத் துடக்கு பொதுவாக 31 நாள். அந்த நாட்களில் அந்த வீட்டார் கோயிலுக்குப் போகமாட்டார்கள், மங்கல விளக்கு ஏற்றமாட்டார்கள். விழாவில் குத்துவிளக்கு ஏற்ற ஒருவரை மேடையில் வைத்து அழைத்தால், துடக்கு என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவீர்கள். விழாவுக்கு முந்திய நாளே தனியே கேளுங்கள். மாணவிகளை விளக்கேற்றத் தெரிவு செய்வதைப் பெண் ஆசிரியரிடம் விடுங்கள்.

கலியாண வீட்டுக்கு உறையில் காசு. ரூபாய்க் கணக்கு இங்கே எழுதினால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், உங்களோடு வேலை செய்பவர் வைக்கும் தொகையையே நீங்களும் வையுங்கள். கூட வைத்தால் பெருமை என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் கொப்பியில் எழுதி வைத்திருந்து உங்கள் வீட்டு விசேடத்துக்குத் திருப்பித் தருவார்கள். நீங்கள் அதிகம் வைத்தால் அது அவர்களுக்குக் கடன்.

10. கோயிலும் காடும்

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸோ வானோ நிற்கும், தேங்காய் உடையும், கச்சான் வாங்குவார்கள். பயண நேரத்தில் அந்தக் கால் மணித்தியாலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சாரதியை அவசரப்படுத்தாதீர்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களில் வரும். பாக்குத் தெண்டல், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்தல், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரித்தல் என்று பொங்கலுக்கு முந்திய நாட்களிலேயே முல்லைத்தீவுப் பக்கம் ஊர் விரதத்தில் இருக்கும். விளக்கு எப்படி எரிகிறது என்று ஆராய்ந்து கேட்பவருக்கு ஒருவரும் மறுமொழி சொல்லமாட்டார்கள், முகம் மட்டும் மாறும். பார்க்கப் போகிறவர் மச்சம் விட்டுப் போங்கள், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற ஆயத்தமாகப் போங்கள்.

உபயம், நன்கொடை கேட்டு வந்தால் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். திருவிழா நாள் ஒன்றைப் பொறுப்பெடுக்க ஆசைப்பட்டு நீங்களாகக் கேட்காதீர்கள். எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு என்பது நெடுநாள் ஒழுங்கு, அதற்குள் சாதியும் பழைய பிணக்கும் கிடக்கும். கோயில் சபைப் பிணக்கில் யாராவது உங்கள் அபிப்பிராயம் கேட்டால் "நான் புதுசு, எனக்கு விளங்காது" என்பதே சரியான மறுமொழி. பத்து வருடம் இருந்தாலும் அதே மறுமொழிதான்.

குளக்கட்டில், காட்டு வழியில் மரத்தடிக் கல்லுக்குக் குழை முறித்து வைத்திருப்பதைக் காணலாம். ஐயனாராகவோ பிள்ளையாராகவோ இருக்கும். கூட வருபவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அந்தக் கல்லில் இருக்காதீர்கள், செருப்போடு ஏறிப் படமெடுக்காதீர்கள்.

11. மாற்றம் கிடைத்துப் போகும்போது

ஒரு மாதத்துக்கு முன்பே ஊருக்குச் சொல்லுங்கள், கடைசி நாள் வரை மறைத்து வைத்திருந்தால் மனவருத்தம் மிஞ்சும். கடைக் கொப்பியில் உள்ள கணக்கு, சங்கச் சந்தா, மின் பில் மூன்றையும் முடியுங்கள். முற்பணத்தைத் திருப்பி வாங்கும்போது வீட்டுக்காரரின் உறவினர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பெயரை இங்கே பதிந்திருந்தால் அடுத்த கணக்கெடுப்பில் புது இடத்தில் பதிய வேண்டுமென்று விதானையாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகும். உங்கள் படிவங்களில் யாருக்காவது மறுமொழி சொல்லாமல் நின்றால், அந்தப் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அடுத்து வருபவருக்கு எழுதிக் கொடுங்கள். அடுக்களையில் அயலாரின் கோப்பைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவற்றையும் வெறுமையாகக் கொடுக்க வேண்டாம்.